சிறு பங்குதாரருக்கும் ஒரு நாற்காலி

ஆசிரியருக்கு வணக்கம்.

2008 டிசம்பரில், தலைவர் ராமலிங்க ராஜு குடும்பத்தின் இரண்டு மேட்டாஸ் நிறுவனங்களை வாங்க, சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் இயக்குநர் குழு ஒப்புதல் தந்தது. நிறுவனத்தோடும் அதை நடத்துபவரோடும் தொடர்பில்லாத வெளியாட்களாக இருக்க வேண்டிய சுயேச்சை இயக்குநர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள்! முதலீட்டாளர்கள் கொதித்த பிறகே முடிவு கைவிடப்பட்டது. அடுத்த மாதம் ராமலிங்க ராஜுவே கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டார்.

2013 கம்பெனிகள் சட்டம், பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு சுயேச்சை இயக்குநர்கள் வேண்டும் என்றது. தொடர்ந்து 10 ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் நீடிக்கவும் முடியாது. நல்லதுதான். ஆனால் ஆளைத் தேடிப்பிடிப்பது இன்றும் பெரும்பாலும் நிறுவனத்தை நடத்தும் குடும்பமே. விருந்துக்கு அழைத்தவர் வீட்டில் உப்பு குறைவென்று யார் சொல்வார்?

சிறு பங்குதாரர்கள் ஓர் இயக்குநரைத் தேர்ந்தெடுக்க அதே சட்டத்தின் 151-ஆவது பிரிவு வழிவிடுகிறது. ஆனால் அது ‘இருக்கலாம்’ என்றே சொல்கிறது. ‘இருக்க வேண்டும்’ என்று அரசு திருத்தட்டும்.

– சிறு பங்குதாரர் ஒருவர், கும்பகோணம்