ஏபிஐ திறந்தால் போதுமா? ஆவணம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசுத் துறைகள் தங்கள் தரவுகளைப் பிற மென்பொருள்களும் எடுத்துக்கொள்ள ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றை அழைத்துத் தரவு கேட்கும் வழி) மூலம் திறந்துவிடுவது வரவேற்கத்தக்கது. ஆனால் மத்திய அரசின் 2015ஆம் ஆண்டுத் திறந்த ஏபிஐ கொள்கை, மாதிரி நிரலோடும் போதிய விவரங்களோடும், அதைப் பயன்படுத்தும் விதத்தைச் சொல்லும் முறையான ஆவணம் தரவேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் பாதியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். தனியார் நிறுவனங்களும் இதில் பெரிதாக மேல் இல்லை.

ஆவணத்தில் எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்க, அதையே முதல் பக்கத்திலிருந்து வாசிப்பது வீண் வேலை. எழுதாமல் விட்டது வாசிப்பவர் கண்ணில் எப்படிப் படும்? வந்த அழைப்புகளையெல்லாம் சர்வர் தானே குறித்துவைக்கும் பதிவேடான லாகை எடுக்க வேண்டும். ஒரு மாத லாகில் வந்த அழைப்புகளில் மனு எண், பயனர் எண் போன்றவற்றை ஒரே குறியாக மாற்றிவிட்டால், ஏபிஐயில் அழைக்கப்படும் தனித்தனி முகவரிகளின் பட்டியல் கிடைக்கும். அதை ஆவணத்திலுள்ள பட்டியலோடு ஒப்பிடுங்கள். லாகில் உள்ள, ஆனால் ஆவணத்தில் இல்லாத முகவரிகள் விடுபட்டவை. அவற்றில் உள்வேலைக்கு மட்டுமானவற்றை அப்படியே குறித்து ஒதுக்கிவிடலாம். ஆவணத்தில் உள்ள, ஆனால் சரியான எண்ணோடு அழைத்தாலும் 404 (‘அப்படி ஒன்று இல்லை’ என்ற பிழை எண்) வரும் முகவரிகள் செத்தவை. அவற்றை நீக்குவதும் திருத்தம்தான்.

அடுத்து, ஒவ்வொரு முகவரிக்கும் வந்த பிழை எண்களை எண்ணுங்கள். ஓரிடத்தில் மட்டும் 400 (‘அனுப்பியது தவறு’ என்ற எண்) குவிந்திருந்தால், அந்தப் பக்கத்தை முதலில் சந்தேகப்பட வேண்டும். பெரும்பாலும் எந்தப் புலம் கட்டாயம், எதைக் காலியாக விடலாம், தேதியை எந்த வரிசையில் தரவேண்டும் என்று அங்கே எழுதியிருக்காது. 03/04/2025 என்பது ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா? நேரத்தோடு இந்திய நேரத்தைக் குறிக்கும் +05:30 சேர்க்கச் சொல்லும் ஆவணங்கள்கூட ஒன்றைச் சொல்வதில்லை: இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னுள்ள பகுதியில் வரும் கூட்டல் குறியைப் பெரும்பாலான சர்வர்கள் இடைவெளியாகப் படிக்கும். அதைச் சதவீதக் குறி, 2, ஆங்கில ‘பி’ என்று மாற்றி அனுப்ப வேண்டும். இந்த ஒரு வரி இல்லாமல் ஒரு பகல் முழுக்கப் போய்விடும்.

பிழை எண்ணை மட்டும் அட்டவணை போட்டால் போதாது. ஏன் வந்தது, அழைத்தவர் என்ன செய்யவேண்டும் என்ற இரண்டும் பக்கத்திலேயே வேண்டும். 401 (அடையாளம் ஏற்கப்படவில்லை) வந்தால், அழைப்பவரை அடையாளம் காட்டும் டோக்கனைப் புதுப்பிக்கலாம். 403 (அனுமதி இல்லை) வந்தால் புதுப்பித்துப் பயனில்லை, அனுமதி கேட்க வேண்டும். 429 (அளவுக்கு மீறிய அழைப்புகள்) வந்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பது?

தமிழில் தரவு அனுப்புவோரைத் தனியாகப் பதம்பார்ப்பது நீள வரம்பு. ‘அதிகபட்சம் 20 எழுத்து’ என்று ஆவணம் சொல்லும். ‘திருநெல்வேலி’ நமக்கு 6 எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில், உயிர்க்குறியும் புள்ளியும் தனியாக எண்ணப்பட்டு 12 குறி. அதைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 வடிவில் 36 பைட். ஆரக்கிள் தரவுத்தளம் தானாக எடுத்துக்கொள்வது பைட் கணக்கு. அங்கே 20 என்றால் இந்த ஊர்ப் பெயர் ஏறவே ஏறாது, பிழைதான் வரும். குறுஞ்செய்தியிலும் இதே சிக்கல். ஆங்கிலத்துக்கு 160 என்ற வரம்பு தமிழுக்கு 70 குறியாகச் சுருங்கும். 71 ஆகிவிட்டால் துண்டுக்கு 67 வீதம் இரண்டு செய்தியாகப் பிரிந்து, கட்டணமும் இரண்டாகும். ‘கோ’ போன்ற எழுத்துகளை இரு விதமாகச் சேமிக்க முடியும் என்பதால், தேடல் தவறாமலிருக்க எந்த வடிவத்தில் அனுப்புவது என்பதையும் எழுதவேண்டும்.

இவற்றைத் திருத்திய பிறகு மறுபடி ஓட்டை விழாமலிருக்க, ஆவணத்தை நிரலோடு ஒரே இடத்தில் வைத்து, விளக்கமில்லாத புது முகவரி வந்தால் தானியங்கிச் சோதனை நிறுத்தும்படி செய்யலாம். இதிலும் ஒரு தந்திரம் நடக்கும். ‘பயனரைப் பெறு’ என்ற முகவரிக்கு ‘பயனரைப் பெறும்’ என்றே விளக்கம் எழுதினால் இயந்திரம் விட்டுவிடும். ஆவணத்திலுள்ள மாதிரி அழைப்புகளையும் அதே சோதனையில் ஓடவிட்டால் பாதித் தந்திரம் பிடிபடும். மீதிக்கு ஆள்தான் வேண்டும்.

ஆகவே துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணை கொடுக்கும் முன், திட்டத்தில் இல்லாத ஒருவரிடம் ஆவணத்தையும் ஒரு சோதனை டோக்கனையும் மட்டும் கொடுங்கள். ஒரு பதிவு, ஒரு தேடல், வேண்டுமென்றே ஒரு தவறு, அதன் திருத்தம் ஆகியவற்றை யாரையும் கேட்காமல் அவர் முடிக்க வேண்டும். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ஆவணத்தில் சேரவேண்டிய ஒரு வரி. முந்தைய இரண்டு பதிப்புகளோடாவது ஒத்துப்போக வேண்டும் என்று அதே 2015 கொள்கை சொல்வதால், எந்தப் பதிப்பில் எது மாறியது, பழையது எந்தத் தேதியில் நிற்கும் என்ற பட்டியலையும் அப்போதே கேட்டு வாங்கிவிடலாம்.

மென்பொருள் ஆவணப் பணியாளர்,
கோயம்புத்தூர்