மனதை எங்கே வைப்பது? தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

விடியற்காலையில் எழுந்து அரை மணி நேரம் உட்கார்ந்தும் மனம் அடங்க மாட்டேன் என்கிறது, ஜப்பானின் பழைய போர்வீரர்களான சாமுராய்கள் மட்டும் எப்படி அடக்கினார்கள் என்று கேட்டிருந்தாய். அவர்கள் அடக்கவில்லை. எண்ணமே வரக் கூடாது என்று உட்கார்ந்தால் வருகிற ஒவ்வொரு எண்ணமும் தோல்வியாகத் தெரியும், அந்தத் தோல்வியைப் பற்றி இன்னும் பத்து எண்ணம் வரும். நீ மாட்டிக்கொண்டிருப்பது அங்கேதான்.

சாமுராய் என்றதும் உனக்குப் போர்க்களம் ஞாபகம் வருகிறது. 1638இல் ஷிமாபாரா கலகம் அடங்கிய பிறகு ஜப்பானில் இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் பெரிய போர் கிடையாது. அந்தக் காலத்து சாமுராய்களில் பலர் கணக்கு எழுதினார்கள், அரிசி வரி பார்த்தார்கள், கோட்டையில் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். இன்று கற்பிக்கப்படும் வாள் முறைகளில் பல செம்மைப்பட்டதும் அந்த அமைதிக் காலத்தில்தான். ஆகவே இது மேசை வேலைக்காரனுக்குப் பொருந்தாத பயிற்சி என்று நினைக்காதே. 'புஷிடோ', அதாவது சாமுராய் நெறி, என்ற பெயரில் உலவும் வீர வசனங்களையும் ஒதுக்கி வை. அவை உலகெங்கும் பரவியதில் நிதோபே இனாஸோ 1900இல் வெளிநாட்டாருக்காக ஆங்கிலத்தில் எழுதிய நூலுக்குப் பெரும் பங்குண்டு. பயிற்சிக் கூடத்தில் பாதம், மூச்சு, விரல் ஆகியவற்றைப் பற்றித்தான் பேச்சு.

உன் கேள்விக்கு நேரான பதில் ஒரு பழைய கடிதத்தில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தகுவான் ஸோஹோ என்ற ஸென் பௌத்தத் துறவி, ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவரான மூன்றாம் ஷோகன் இயெமித்ஸுவின் வாள் ஆசான் யாக்யூ முனெநோரிக்கு எழுதியது. அதன் சாரம் இது: எதிராளியின் வாளில் மனம் நின்றால் அந்த வாள் உன்னைப் பிடித்துக்கொள்ளும். உன் வாளில் நின்றால் உன் வாளே பிடித்துக்கொள்ளும். வெல்ல வேண்டும் என்பதில் நின்றாலும் அப்படித்தான். ஆயிரம் கைகளுள்ள கன்னோன் என்ற கருணைப் போதிசத்துவர் ஒரு கையில் மனதை நிறுத்தினால் மற்ற 999 கைகளும் வீண். மனம் ஓடுவதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை, ஓரிடத்தில் ஒட்டிக்கொள்வதைத்தான் நோய் என்கிறார். இரவு பத்து மணிக்கு உன்னைத் தூங்க விடாதது எது என்று பார். நூறு எண்ணங்கள் இருக்காது, மேலாளர் சொன்ன ஒரே ஒரு சொல்லாக இருக்கும்.

இனி உட்காருவதைப் பார்ப்போம். அரை மணி வேண்டாம், பத்து நிமிடம் போதும். ஜமக்காளத்தை மடித்து அரை சாண் உயரத்துக்குக் கெட்டியாக வைத்து, அதன் முன் பாதியில் மட்டும் உட்கார். இடுப்பு முழங்காலைவிட உயரத்தில் இருக்க வேண்டும், இரண்டு முழங்காலும் தரையைத் தொட வேண்டும். தரையில் சும்மா சம்மணமிட்டால் பெரும்பாலோருக்கு முழங்கால் அந்தரத்தில் நிற்கும், இடுப்பு பின்னால் சாய்ந்து முதுகு கூனும், கால் மணி நேரத்தில் நடுமுதுகு வலிக்கும். அந்த வலியைத்தான் பலர் மன அலைச்சல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். முழங்கால் இறங்காவிட்டால் வஜ்ராசனத்தில் குதிகால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துக்கொள், அல்லது நாற்காலியின் நுனியில் பாதம் படிய உட்கார்.

உடலை இடம் வலமாகப் பெரிதாக ஆட்டத் தொடங்கி, சிறிதாக்கிக்கொண்டே வந்து நடுவில் நிறுத்து. வாயால் ஒரு முறை முழுதாக மூச்சை விட்டுவிட்டு வாயை மூடு. நாக்கு மேல் பல்லுக்குப் பின்னால் ஒட்டியிருக்கட்டும். கண்ணை மூடாதே. பாதி திறந்து, ஒரு மீட்டர் முன்னால் தரையில் பார்வையை இறக்கு. கண்ணை மூடினால் தூக்கமோ பகல் கனவோ வரும், இரண்டுமே உட்கார்ந்த பலனைத் தின்றுவிடும். வலது உள்ளங்கை மேல் இடது கையை வைத்து, கட்டைவிரல் நுனிகள் காகிதம் வைத்தாற்போல் லேசாகத் தொடட்டும். ஆசான்கள் அங்கே மலையும் கூடாது, பள்ளத்தாக்கும் கூடாது என்பார்கள். அசந்தால் விரல்கள் தொய்ந்து பள்ளமாகும், இறுகினால் முட்டிக்கொண்டு மலையாகும். மனம் எங்கே போயிற்று என்று தேடுவதைவிட விரலைப் பார்ப்பது எளிது. தேடப் போனால் தேடுவதும் இன்னொரு எண்ணம்தானே.

மூச்சு வெளியே போகும்போது மட்டும் எண்ணு. 'ஒன்று' என்ற சொல் மூச்சு தீரும்வரை நீள வேண்டும். பத்து வந்ததும் மறுபடி ஒன்று. நடுவில் தொலைந்தால் ஒன்று. பதினான்கில் விழித்துக்கொண்டாலும் ஒன்றுதான். எண்ணிக்கை ஒரு பக்கம் ஓட, இன்னொரு பக்கம் நாளைய வேலை ஓடுவது எல்லோருக்கும் வருகிற கோளாறு. எண்ணைச் சட்டென்று சொல்லி முடித்துவிட்டு மீதி மூச்சைச் சும்மா விடுவதால் அந்த இடைவெளி கிடைக்கிறது. மூச்சை வேண்டுமென்றே நீட்டினால் நெஞ்சு பிடிக்கும். அது தன் நீளத்தில் போகட்டும், எண் அதைப் பின்தொடரட்டும்.

எண்ணில் மனதைக் கட்டுவதும் ஒட்டிக்கொள்வதுதானே என்று கேட்பாய். சரியான கேள்வி. தகுவானே அதற்கு இடம் கொடுக்கிறார்: குருவியைப் பிடிக்காமல் இருக்கப் பூனையைக் கயிற்றில் கட்டுவது தொடக்கக்காரனுக்குரியது. பழகிய பூனையை அவிழ்த்து விடலாம். நீ இப்போதைக்குக் கட்டு.

உட்காருவதைவிட உனக்கு அதிகம் உதவப்போவது எழுவதும் வணங்குவதும் என்று நினைக்கிறேன். வாள் பள்ளிகளில் உட்காரும்போது இடது முழங்கால் முதலில் இறங்கும், எழும்போது வலது பாதம் முதலில் வரும். குனியும்போது இடது கை முதலில் தரையைத் தொடும், வலது கை பிறகு. நிமிரும்போது வலது கை முதலில் எழும். வாள் உருவும் கை கடைசிவரை விடுதலையாக இருப்பதற்கான ஒழுங்கு இது. ஒகாஸாவாரா என்ற சாமுராய் மரியாதைமுறை மரபில் இதற்கு மூச்சும் உண்டு: உள்ளிழுத்தபடி குனி, மூச்சு வெளியே போகும்வரை அப்படியே இரு, மீண்டும் உள்ளிழுத்தபடி நிமிர். மூன்று மூச்சு, அவ்வளவுதான். காலையில் ஐந்து முறை செய். கால் மாறிப்போனால் அந்த நொடியில் மனம் வேறெங்கோ இருந்தது என்று உடனே தெரியும்.

மரவாள் வாங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். சுமார் 102 செ.மீ. நீளம். மேலே ஓங்கினால் மின்விசிறியில் படும், மொட்டைமாடிக்குப் போ. இடது கை பிடியின் அடி நுனியில், சுண்டுவிரலும் மோதிரவிரலும் இறுக்கமாக. வலது கை மேலே, தளர்வாக. ஓங்கும்போது மூச்சு உள்ளே, வெட்டும்போது வெளியே. இருபது போதும். முந்நூறு வீசினால் களைப்பில் மனம் ஓய்ந்ததுபோல் இருக்கும், குளித்து முடித்ததும் பழையபடி ஓடும். வலது தோள் வலித்தால் வலது கை அதிகம் வேலை செய்கிறது. முழங்கை வலித்தால் அதை வெடுக்கென்று நீட்டி வாளை நிறுத்துகிறாய்.

உன் அவசரத்துக்கு வில் கலையில் ஒரு பெயரே இருக்கிறது. கியூடோ என்ற அந்த ஜப்பானிய வில் கலையில் 28 மீட்டர் தள்ளி, 36 செ.மீ. விட்டமுள்ள இலக்கு. வில்லை முழுதாக இழுத்துச் சில நொடிகள் அப்படியே நிற்க வேண்டும். சிலருக்கு இழுப்பு முடிந்ததும், முடியும் முன்னே கூட, விரல் தானாக அம்பை விட்டுவிடும். ஹயாகெ என்பார்கள். நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், நிற்க விரும்புகிறார், ஆனாலும் விரல் கேட்காது. பல ஆண்டு எய்தவர்களையும் பிடிக்கும், லேசில் விடாது. இலக்கு கண்ணில் பட்டதும் விடுவது என்று உடல் பழகிவிட்டதுதான் காரணம். அறிவுரையால் அது தீர்வதில்லை. இலக்கையே எடுத்துவிடுகிறார்கள்: இலகுவான வில், இரண்டு மீட்டர் தூரத்தில் இறுகக் கட்டிய வைக்கோல் உருளை. படுமா படாதா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை, நின்று பழக மட்டும்தான் இடம்.

ஒரு மின்னஞ்சலை முடிக்கும் முன்பே கைபேசிக்குப் போகிற உன் கையும் அதே ஹயாகெதான். வெற்றி தோல்வி இல்லாத ஒரு சின்னக் காரியத்தைத் தேர்ந்துகொள். கதவைச் சாத்துவது போதும். தாழ் விழும்வரை கையை எடுக்காதே, விழுந்த பிறகு ஒரு முழு மூச்சு அங்கேயே நில். வில்லாளியும் அம்பு பட்டாலும் படாவிட்டாலும் அதே நிலையில் நின்றுவிட்டுத்தான் வில்லை இறக்குகிறார். அதை ஸான்ஷின் என்கிறார்கள். ஒரு மாதம் அந்த ஒரு கதவு மட்டும், வேறெதையும் சேர்க்காதே.

சில எச்சரிக்கைகள். கால் மரத்துப்போனால் உடனே எழாதே, கணுக்கால் மடங்கி விழுவாய். விரலை அசைத்து உணர்ச்சி வந்த பின் எழு. உட்கார்ந்ததும் படபடப்பு கூடினால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டியதில்லை. இடது கையை முஷ்டியாக்கி மார்பில் வைத்து, வலது கையால் மூடி, ஒரு மூச்சுக்கு அரை அடி வீதம் நட. ஸென் மடங்களிலும் இரண்டு அமர்வுகளுக்கு நடுவே இப்படித்தான் நடக்கிறார்கள். வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, நெஞ்சு அடைக்கிறது என்றால் மருத்துவரிடம் போ, இந்தப் பயிற்சி அதற்கு மாற்றல்ல.

பத்து நிமிடம் பழகிய பின் ஐந்து ஐந்தாகக் கூட்டு. மடங்களில் ஓர் ஊதுபத்தி எரியும் நேரம், ஏறக்குறைய நாற்பது நிமிடம் உட்காருகிறார்கள். அதற்கு அவசரமில்லை. உலோக வாள் வாங்கலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம். உறையிலிருந்து உருவும்போது இடது கை விரல்தான் முதலில் வெட்டுப்படும். அருகில் ஆசான் கிடைத்தால் அவர் முன்னால் மட்டும் தொடு.

அன்புடன்,
அண்ணன்