பக்கத்துக் கணினியில் இருக்கட்டும் பிரதி

ஆசிரியருக்கு,

ஆப்பிரிக்க நிரலாளர்களுக்குப் பரவலாக்கப்பட்ட இணையத்தை, அதாவது ஒரே மையக் கணினியை நம்பாமல் பல கணினிகளில் தகவலைப் பகிர்ந்து வைக்கும் முறையை, கற்றுத்தரும் ஹேக்கத்தான்களை (நிரலெழுதும் போட்டிகளை) மனமார வரவேற்கிறேன். அத்தகைய இணையத்தின் அருமை அவர்களுக்குத்தான் தெரியும். 2017 ஜனவரியில் கேமரூன் அரசு, ஆங்கிலம் பேசும் இரு மாகாணங்களில் இணையத்தை நிறுத்தியது. 93 நாட்கள்! அங்குள்ள புவேயா நகர இளைஞர்கள் மடிக்கணினிகளைத் தூக்கிக்கொண்டு, சிக்னல் கிடைத்த பொனாகோ கிராமத்தில் 'இணைய அகதி முகாம்' அமைத்து வேலை பார்த்தார்கள். 2024 மார்ச்சில் ஐவரி கோஸ்ட் அருகே கடலடிக் கேபிள்கள் பழுதானபோது மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் பல தவித்தன.

பரவலாக்கப்பட்ட இணையத்துக்கான ஐபிஎஃப்எஸ் (IPFS) நுட்பத்தில் கோப்பை அது இருக்கும் இடத்தின் முகவரியால் அல்ல, உள்ளடக்கத்திலிருந்து உருவாகும் அடையாளக் குறியால் தேடுகிறோம். பக்கத்துக் கணினியில் பிரதி இருந்தால் கடல் தாண்ட வேண்டியதில்லை. கேபிளுக்கு இது மாற்றாகாதுதான். ஆனாலும் உள்ளூர்ப் பாடநூல்களும் மருத்துவக் குறிப்புகளும் உள்ளூரிலேயே கிடைக்குமே! பரிசு கொடுத்துக் கலைந்துவிடாமல், நல்ல திட்டங்களை ஓராண்டாவது தாங்கிப்பிடிக்க அமைப்பாளர்கள் முன்வர வேண்டும்.

- ஒரு கணினி ஆசிரியர், திருச்சி