இடது பக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். காதில் வைத்துப் பேசினால் வலிக்கிறது என்று நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். பின்னால் டிவி ஓடுகிறது, உன் மாமியார் இருமுகிறார், மாப்பிள்ளை நடுவில் பதில் சொல்கிறார். எனக்குப் பேச வந்தது மறந்துபோகிறது. அதனால்தான் கடிதம். ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன். வீட்டுக்கு வரும் தபாலை வாட்ச்மேன் எங்கேயாவது சொருகிவிடுகிறான் என்று நீதானே சொன்னாய்.

சம்பா அறுவடை முடிந்துவிட்டது. அப்பா கொள்முதல் நிலையத்திலேயே குடியிருக்கிறார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாதாம், வானமோ மூடிக்கொண்டே கிடக்கிறது. ரோட்டில் கொட்டிக் காலால் தள்ளிக் கிளறிக்கொண்டிருக்கிறார். வேறு சேதி ஒன்றும் இல்லை.

வலி இடது கன்னத்திலும் இடது காதிலும் மட்டும்தானே? இன்னொரு பக்கம் ஒரு நாளும் வந்ததில்லையே? பெங்களூர் வந்தவர்களுக்கெல்லாம் சைனஸ்தான் என்கிறார் மாப்பிள்ளை. குளிர், தூசி, பூந்தாது எல்லாம் உண்மைதான். ஆனால் அலர்ஜி என்றால் பெரும்பாலும் இரண்டு மூக்கும் ஒழுகும், இரண்டு கண்ணும் அரிக்கும். ஒரே பக்கம் திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்றுதான் தேட வேண்டும். காது மூக்கு தொண்டைப் பிரிவில் இத்தனை வருஷம் நின்றவளிடம், 'ஒண்ணுமில்லம்மா, சளி' என்கிறாய்.

எனக்குச் சந்தேகம் முறுக்கு கடித்து உடைந்த அந்தப் பல் மேல்தான். கல்யாணத்துக்கு முன்னால் அவசர அவசரமாக ரூட் கெனால் செய்து கேப் போட்டோமே, அதுதான். மேல் கடைவாய்ப் பல்லின் வேருக்கும் கன்னத்து எலும்புக்குள் இருக்கிற சைனஸ் அறைக்கும் நடுவில் மெல்லிசான எலும்புதான். சிலருக்கு வேர் நுனி அந்த அறையின் தரையிலேயே முட்டிக்கொண்டிருக்கும். வேரில் சீழ் வைத்தால் மேலே ஏறிவிடும். பல் வலிக்கணும் என்றுகூட இல்லை, அதன் நரம்பைத்தான் எடுத்தாயிற்றே. கன்னம் கனக்கும், குனிந்தால் குத்தும், அந்த ஒரு மூக்கில் மட்டும் நாற்றமடிக்கிற சளி வரும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் அடங்கும், நிறுத்தினால் கிளம்பும். வேரைக் கவனிக்காதவரை இப்படித்தான். உனக்கு நாற்றம் இருக்கிறதா? இதை ஸ்பீக்கரில் கேட்கவா முடியும்?

அதனால் முதலில் பல் டாக்டர். வேரைப் படம் எடுக்கச் சொல். தெரியவில்லை என்றால் சிடி ஸ்கேன். சாதாரண எக்ஸ்ரேயை நம்பிக்கொண்டு இருக்காதே.

காதை விளக்குப் போட்டுப் பார்த்தாரா நீ போய்க் காட்டிய அந்த டாக்டர்? பார்த்துவிட்டுச் சொன்னாரா, பார்க்காமலே சொன்னாரா? பார்த்து, காது சுத்தமாக இருந்தாலும் வலி பொய்யில்லை. பல், தாடை, தொண்டை எங்கே நோவு இருந்தாலும் நரம்பு வழியாகக் காதில் வலிக்கும். தாடை மூட்டு காதுக்கு ஒட்டினாற்போல முன்னால் இருக்கிறது, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்களுக்குக் காலையில் காதுவலி என்றுதான் தோன்றும். நீ பத்தாவது பரீட்சை சமயத்தில் ராத்திரியெல்லாம் நறநறவென்று கடிப்பாய், அண்ணன் பாயைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவான். இப்போது எந்தப் பரீட்சை என்று எனக்குத் தெரியவில்லை. சரி, அதை விடு.

மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து வைத்திருக்கிறாயே, அதை அஞ்சு நாளுக்கு மேல் விடாதே. பழகிப்போனால் அந்த மருந்தாலேயே மூக்கு அடைக்கும். பிளஸ் டூவில் உயிரியலில் 196 வாங்கியவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த 196 வாங்கியவள்தான் போன தடவை மாத்திரையைப் பாதியில் நிறுத்தினாள். உன் அத்தை நொச்சித் தழை பறித்து மூட்டை கட்டி வைத்திருக்கிறாள். ஆவி பிடித்துக்கொள், இதமாக இருக்கும், ஆனால் பல்லில் இருக்கிற சீழுக்கு அது போதாது. பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடச் சொன்னால் மட்டும் கேட்காதே, யார் சொன்னாலும். ஜவ்வில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே இறங்கி வேறு வம்பாகிவிடும்.

ஜவ்வு சீழ் பிடித்தும் கிழியும், அடிபட்டும் கிழியும். அடிபட்டு வருகிற பெண்களுக்கு அநேகமாக இடது காதுதான். எதிரில் நிற்கிறவருக்கு வலது கைப் பழக்கமாக இருந்தால் அங்கேதான் படும். சீட்டில் 'வழுக்கி விழுந்தார்' என்று எழுதியிருக்கும். டாக்டர் காதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். நான் கூட வந்தவரை மருந்து வாங்கும் வரிசைக்கு அனுப்பிவிட்டு அந்தப் பெண்ணைத் திரைக்குப் பின்னால் உட்காரவைப்பேன். சில பேர் சொல்லுவார்கள். சில பேர் பாத்ரூம் ஈரம் என்பார்கள். பரவாயில்லை, இன்னொரு நாள் தனியாக வா என்று சொல்லி அனுப்புவேன். சின்னக் கிழிசல் என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று மாசத்தில் தானாக மூடிக்கொள்ளும். தண்ணீர் படக் கூடாது, டாக்டர் சொல்லாமல் சொட்டு மருந்தும் கூடாது, அவ்வளவுதான்.

தீபாவளிக்கு முன்னால் பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றாயே, முழங்காலில்தானே அடி?

பொங்கலுக்கு அண்ணன் வரிசை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தான். கரும்புகூட வாங்கியாயிற்று. அவ்வளவு தூரம் எதற்கு, பணமாகப் போட்டுவிடுங்கள் என்றார் மாப்பிள்ளை. போட்டுவிட்டோம். அண்ணன் ஒரு எட்டு வந்து பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நல்ல மனுஷர்தான், சிக்கனம் பார்க்கிறார், நாம் என்ன சொல்ல. வீடியோவிலும் நீ முகத்தை வலது பக்கம் மட்டும் காட்டுகிறாய். இடது பக்கம் ஜன்னல் வெளிச்சம் கூசுகிறது என்கிறாய்.

பல்லைப் பார், பாப்பா. கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, கடும் காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ எதற்கும் காத்திருக்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. அந்த ஒரு மூக்கில் ரத்தம் வந்தாலும், கன்னம் மரத்துப்போனாலும் தள்ளிப்போடாதே. காற்றுப் பட்டாலே மின்சாரம் அடித்த மாதிரி கன்னத்தில் சுரீர் என்று வந்து நொடியில் போய்விடுகிறது என்றால் அது நரம்பு, அதற்கு மாத்திரையே வேறு. அதையும் டாக்டரிடம் சொல்.

காலேஜில் படிக்கும்போது கும்பகோணத்தில் திறந்தோமே, உன் பேரில் மட்டும் இருக்கிற கணக்கு, அதை நான் மூடவில்லை. பென்ஷனிலிருந்து 20,000 போட்டிருக்கிறேன், ஸ்கேனுக்கும் பல்லுக்கும். ஏடிஎம் கார்டை இந்தக் கவருக்குள்ளேயே அட்டையில் ஒட்டியிருக்கிறேன். பின் நம்பர் பழையதுதான். அப்பாவிடம் சொல்லவில்லை, அவருக்கு நெல் கவலையே போதும். அங்கே நல்ல பல் டாக்டர் கிடைக்கவில்லை என்றால் ராத்திரி மைசூர் எக்ஸ்பிரஸில் ஏறு, காலையில் கும்பகோணம். கேப் போட்ட டாக்டரே இன்னும் இருக்கிறார். லீவு இல்லை, டிக்கெட் இல்லை என்று சொல்லாதே. மாப்பிள்ளைக்கு வேலை இருந்தால் நீ மட்டும் வா.

காதையும் விளக்குப் போட்டுப் பார்க்கச் சொல். பல்லைப் படம் எடுத்ததும் எந்தப் பல் என்று எனக்கு எழுது. மேல் வரிசை, இடது பக்கம், பின்னாலிருந்து இரண்டாவது என்பது என் கணக்கு. அதுவாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா