காயலான் கடைக்குப் போகாத விமானங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் ஒரு அன்பர், ஆள் ஏற்ற லாயக்கில்லாத கிழட்டு விமானங்களை வாங்கிச் சரக்கு ஏற்றுகிறார்கள், காயலான் கடைச் சாமான் நம் தலைக்கு மேலே பறக்கிறது என்று வருத்தப்பட்டிருந்தார். நான் முப்பத்தோரு வருசமாகப் பூ வியாபாரம் செய்பவன். இப்போது மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் கமிஷன் கடை. விமானத்தில் இடம் கிடைக்காமல் பூ வீணாவதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

அப்பா காலத்தில் உசிலம்பட்டிப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில்தான் எங்களுக்குக் கூடை வரும். கூட்டம் இல்லையென்றால் கண்டக்டர் லக்கேஜ் போட்டு ஏற்றிக்கொள்வார். முகூர்த்த நாளென்றால், “ஆளே தொங்குது, கூடைய எங்க வைக்க?” என்று விசில் ஊதிவிடுவார். விலை ஏறிக் கிடக்கும் அன்றைக்குத்தான் பூ ஊரிலேயே நிற்கும். கடைசியில் நாலு சம்சாரிகள் சேர்ந்து, கல்யாண சவாரி ஓடிக் களைத்த ஒரு மெட்டடார் வேனை வாங்கினார்கள். சீட்டைக் கழற்றி, தரையில் பலகை அடித்து, பிரேக் போட்டால் கூடை டிரைவர் முதுகில் வந்து இடிக்காமலிருக்க நடுவில் கம்பி வலை வைத்தார்கள். பதினோரு வருசம் ஓடியது.

இன்று பஸ்ஸுக்குப் பதில் விமானம், மற்றபடி கதை அதேதான். வெளிநாடு போகும் எங்கள் மல்லி பெரும்பாலும் பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் போகிறது. பயணிகளின் பெட்டி கனத்துவிட்டால் முதலில் இறங்குவது பூப்பெட்டி. இதற்கு ‘ஆஃப்லோடு’ என்று பெயர். இரண்டு வருசம் முன்பு ஒரு வைகாசி முகூர்த்தத்துக்கு நாற்பது பெட்டி சிங்கப்பூருக்கு அனுப்பினேன். ராத்திரி ஒன்றரை மணிக்குப் போன்: பதினெட்டுப் பெட்டி ஏறவில்லை. மறுநாள் திரும்பி வந்த தெர்மாகோல் பெட்டியைத் திறந்தால், விடிகாலையில் விரல் நுனி போல இறுகியிருந்த மொட்டெல்லாம் வாய் பிளந்து, ஓரம் பழுத்து, ஐஸ் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. அந்த வாசனையை எழுத முடியாது.

இனி அன்பர் சொன்ன விமானத்துக்கு வருகிறேன். என் மச்சினன் மகன் விமானப் பராமரிப்பு வேலையில் இருக்கிறான். அவனைப் போனில் துளைத்தெடுத்துத் தெரிந்துகொண்டவை இவை. இருக்கை, கழிப்பறை, சமையல் மேடை எல்லாவற்றையும் உருவி எடுத்துவிடுகிறார்கள். விமானத்தின் இடது பக்கத்தை வெட்டி, சரக்குத் தட்டு அப்படியே நுழைகிற அளவுக்குப் பெரிய கதவு வைக்கிறார்கள். ஓட்டை போட்ட இடத்தைச் சுற்றிச் சட்டங்களைப் பலப்படுத்துகிறார்கள். தரையில் உருளைகளும் பூட்டுகளும் வருகின்றன. ஜன்னல்களைத் தகட்டால் அடைக்கிறார்கள். விமானிக்குப் பின்னால் ஒரு தடுப்பு. சரக்கு அதன் எடையைப் போல ஒன்பது மடங்கு விசையோடு மோதினாலும் தாங்க வேண்டுமாம். எங்கள் மெட்டடார் கம்பி வலைதான், கணக்குப் போட்டுச் செய்தது. மேல்தளத்தில் தீப்பிடித்தால் காற்றோட்டத்தை நிறுத்தி, உள்ளழுத்தத்தையும் இறக்கி நெருப்பை மூச்சுத் திணற வைப்பார்கள். ஆள் உட்கார்ந்திருந்தால் அதைச் செய்ய முடியுமா?

விமானத்தின் வயசை வருசத்தில் மட்டும் எண்ணுவதில்லை, எத்தனை தடவை ஏறி இறங்கியது என்றும் எண்ணுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் உடல் காற்றழுத்தத்தில் உப்பிச் சுருங்குவதுதான் தேய்மானம். பயணிகள் விமானம் பகலெல்லாம் பறந்தால்தான் கட்டுப்படியாகும்; அதற்கு எண்ணெய் மிச்சம் பிடிக்கும் புதுசு வேண்டும். சரக்கு விமானம் பெரும்பாலும் ராத்திரி சில மணி நேரமே பறக்கிறது. அதற்கு மலிவாக வாங்கிய பழசு போதும். பழைய என்ஜின் எண்ணெயை அதிகம் குடிக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ‘லாயக்கில்லாதது’ என்பது தப்பு. கூரியர் நிறுவனமான புளூ டார்ட் சென்னையிலிருந்து ஓட்டும் போயிங் 757 விமானங்களில் பல, முன்பு ஆள் ஏற்றியவைதான். இண்டிகோ 2022-ல் இறக்கிய ஏர்பஸ் ஏ321 சரக்கு விமானமும் அப்படியே. போயிங் நிறுவனம் தன் 737 ரகப் பயணிகள் விமானங்களைச் சரக்கு விமானமாக மாற்றும் வேலைக்கு, ஐதராபாத் விமான நிலையத்தை நடத்தும் ஜி.எம்.ஆர். குழுமத்தோடு 2023-ல் கைகோத்தது. பட்டறை போடுகிறவர்கள் காயலான் கடைக்காரர்கள் இல்லை.

மதுரை ஓடுதளம் 2,286 மீட்டர். பயணிகளோடு 737 இறங்கியிருக்கிற இடத்தில் அதே 737 சரக்கோடு இறங்கலாம். ஒரு தடவைக்குச் சுமார் 23 டன் கொள்ளும். மல்லியை மட்டும் நம்பி யாரும் தினமும் விமானம் விடமாட்டார்கள், எனக்கும் தெரியும். மார்கழியில் எங்கள் கடையிலேயே ஈ ஓட்டுகிறோம். நம் வட்டாரத்துக் காய்கறியும் துணியும் சேர வேண்டும். சிவகாசிப் பட்டாசைத்தான் கிட்டேயே விடமாட்டார்கள்!

என் கோரிக்கை சின்னது. வைகாசி, ஆவணி முகூர்த்த மாதங்களில் மட்டுமாவது, வாரம் இரண்டு ராத்திரி ஒரு சரக்கு விமானம் பெருங்குடியில் இருக்கும் நம் மதுரை விமான நிலையத்தில் இறங்கிப் போக ஏற்பாடு செய்யட்டும். பெட்டிகளை அதுவரை வைக்க ஒரு குளிர் அறையும் வேண்டும். நிலக்கோட்டை, திருமங்கலம் வியாபாரிகளிடம் பேசிப் பெட்டிக் கணக்கை எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
பூ கமிஷன் கடைக்காரர்,
மாட்டுத்தாவணி, மதுரை.