பூட்டிய கோப்புகள் அனைத்தையும் ஒரே கட்டளையில் திறப்பது குறித்து

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தங்கள் பதிவேடுகளையும் வவுச்சர்களையும் ஸ்கேன் செய்து, ஒவ்வொரு கோப்பையும் ஜிபிஜி மென்பொருளால் மறையாக்கம் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி, பென் டிரைவில் அனுப்பி வருகிறோம். சென்ற மாதம் ஓர் அலுவலகத்துக்குச் சென்றிருந்தபோது, அங்கிருந்த எழுத்தர் அம்மா நாங்கள் அனுப்பிய 312 கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, பெயரிட்டுச் சேமித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தாள். முடிந்த கோப்பின் எண்ணுக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு. இரண்டாம் நாளாக அதே வேலை என்றார். சரியாகச் சொல்லித் தராத பிழை எங்களுடையது, அதற்காக வருந்துகிறோம்.

ஜிபிஜியின் 'டிகிரிப்ட்' கட்டளை ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் ஏற்கும். சேமிக்க வேண்டிய பெயரைக் குறிப்பிடாவிட்டால் உள்ளடக்கத்தைத் திரையிலேயே கொட்டிவிடும். பல கோப்புகளுக்கென்று 'டிகிரிப்ட்-ஃபைல்ஸ்' என்ற தனிக் கட்டளை இருக்கிறது. லினக்ஸ் அல்லது மேக் கணினியில் டெர்மினலை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தை) திறந்து, கோப்புகள் உள்ள ஃபோல்டருக்குள் சென்று, ஜிபிஜி என்று தட்டச்சு செய்து, இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடுகளுடன் இக்கட்டளையை எழுதி, மீண்டும் இடைவெளி விட்டு, நட்சத்திரக் குறி, புள்ளி, ஜிபிஜி என்று முடித்தால் போதும். கோப்புப் பெயரின் கடைசியிலுள்ள ஜிபிஜி என்ற ஒட்டு நீங்கி, ஒவ்வொன்றும் தன் பழைய பெயரிலேயே பிடிஎஃப் ஆகச் சேமிக்கப்படும். பூட்டிய மூலக் கோப்பும் அப்படியே இருக்கும்.

312 முறை கடவுச்சொல் கேட்குமோ என்று அஞ்ச வேண்டாம். கோப்புகளைத் தங்கள் பொதுச் சாவியால், அதாவது பூட்டுவதற்காகப் பிறரிடம் கொடுக்கக்கூடிய சாவியால், பூட்டுகிறோம். திறக்கும் ரகசியச் சாவி தங்களிடம் மட்டுமே உள்ளது, பூட்டிய பிறகு எங்களாலும் திறக்க இயலாது. அச்சாவியின் கடவுச்சொல்லை ஒரு முறை கொடுத்தால், பின்னணியில் இயங்கும் ஜிபிஜி-ஏஜென்ட் என்ற துணை நிரல் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அமைப்பை மாற்றாதவரை, கடைசியாகப் பயன்படுத்தியதிலிருந்து 10 நிமிடமும், அதிகபட்சமாக 2 மணி நேரமும் அது மறவாது. ஆகவே கடவுச்சொல்லைக் கட்டளையோடு சேர்த்து எழுதுவதையும், ஒரு கோப்பில் குறித்து அதே பென் டிரைவில் வைப்பதையும் அருள்கூர்ந்து தவிர்க்க வேண்டும். கட்டளையில் எழுதியது டெர்மினலின் வரலாற்றில் தங்கிவிடும்; அடுத்து அந்தக் கணினியில் உட்காருபவர் மேல் அம்புக்குறியை அழுத்தினாலே கண்ணில் படும்.

ஒரு கோப்பு திறக்காமல் போனாலும் மற்றவை தொடர்ந்து திறந்துகொண்டே போகும் என்பதால், பிழைச் செய்தி மேலே ஓடி மறைந்துவிடக்கூடும். முடிந்ததும் பிடிஎஃப் கோப்புகளை எண்ணி, நாங்கள் இணைத்துள்ள பட்டியலின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரகசியச் சாவி இல்லை என்று செய்தி வந்தால், பெரும்பாலும் அந்தச் சாவி அலுவலகத்தின் வேறொரு கணினியில் இருக்கும். எக்காரணத்தைக் கொண்டும் ரகசியச் சாவியை எங்களுக்கு அனுப்ப வேண்டாம். நாங்கள் கேட்கவும் மாட்டோம்.

மேலும், பென் டிரைவிலேயே வைத்துத் திறக்காமல், கோப்புகளைக் கணினிக்கு நகலெடுத்த பிறகு திறப்பதே நல்லது. திறந்த பிரதிகளுக்குப் பூட்டு இல்லை. பென் டிரைவில் அழித்தாலும் அவற்றை மீட்டெடுக்க வழி உண்டு.

கட்டளையை ஆங்கில எழுத்துகளில் அச்சிட்ட அட்டை ஒன்றை அடுத்த பென் டிரைவின் உறையில் வைத்து அனுப்புகிறோம். முதல் முறை செய்யும்போது உடன் ஒருவர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று கருதுபவர்கள் தெரிவித்தால், எங்கள் ஊழியர் நேரில் வருவார். அதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
ஆவணப் பதிவுப் பிரிவினர்