ஏரியை வலம் வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை பயணப் பக்கத்தில், நியூயார்க் மாநிலத்து ஃபிங்கர் லேக்ஸ் பகுதியில் இலையுதிர் காலத்தில் காரில் சுற்றுவது பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். எங்கள் பக்கத்தைப் பற்றித் தமிழில் எழுதியிருக்கிறார்களே என்று ஆசையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன், பாதியிலேயே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. அதில் சொன்ன திட்டப்படி, அக்டோபர் இரண்டாவது திங்கள்கிழமை விடுமுறையோடு சேர்ந்து வரும் வாரக்கடைசியில், காலையில் நயாகராவில் கிளம்பி லெட்ச்வொர்த், வாட்கின்ஸ் க்ளென் என்ற இரண்டு பூங்காக்கள், இத்தாக்கா ஊர் மூன்றையும் ஒரே நாளில் 'கவர்' பண்ணிவிட்டு ராத்திரி நியூ ஜெர்சி போய்ச் சேர்ந்துவிடலாமாம். சேரலாம், யார் வேண்டாம் என்றது. நயாகராவிலிருந்து இத்தாக்காவுக்கு எங்கேயும் நிற்காமல் வந்தாலே கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், அங்கிருந்து நியூ ஜெர்சிக்கு இன்னொரு நான்கு மணி நேரம். மிச்சம் இருக்கிற பொழுதில்தான் இலையைப் பார்ப்பது, பார்க்கிங்குக்கு வரிசையில் நிற்பது, பிள்ளைகளை பாத்ரூம் கூட்டிப்போவது எல்லாம்.

கோபத்தில் எழுதவில்லை. (சரி, கொஞ்சம் கோபம்தான்.) செனக்கா, கயூகா என்ற இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊரில் 12 வருடமாகக் குடியிருக்கிறேன். ஃபால் கலர் (உதிர்வதற்கு முன் இலை நிறம் மாறுவது) பார்க்கிறோம் என்று வருகிற சொந்தக்காரர்களுக்கு வருடா வருடம் காப்பி போட்டுக் கொடுத்து வழி சொல்லி அனுப்புகிறவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் தேதி. அக்டோபர் 15க்கு அப்புறம் வந்து பிரயோஜனம் இல்லை என்று எழுதியிருந்தது. மாநிலத்தின் வடக்கே அடிராண்டாக் மலைப் பக்கம் போகிறவர்களுக்கு அது பொருந்தும், அங்கே செப்டம்பர் கடைசியிலேயே நிறம் ஏறி அக்டோபர் நடுவில் முடிந்துவிடும். இங்கே கதை வேறு, காரணம் ஏரிகள்தான். பனியாறுகள் வடக்கு தெற்காகக் கீறிவிட்டுப் போன 11 நீள ஏரிகள், கைவிரல் மாதிரி. அதில் செனக்கா ஏரியின் ஆழம் 618 அடி. கோடை முழுக்க வாங்கி வைத்த சூட்டை அவ்வளவு தண்ணீரும் சுலபத்தில் விடாது, குளிர்காலத்தில்கூட அது முழுசாக உறைவது அபூர்வம். அதனால் கரையோரத்தில் ராத்திரிக் குளிரும் தாமதம், உறைபனியும் தாமதம். கரைச் சரிவெல்லாம் திராட்சைத் தோட்டமாக இருப்பதற்கும் இதுதான் காரணம். பகல் குறையக் குறைய இலையில் பச்சையம் உடைவது எல்லா இடத்திலும் நடப்பதுதான், ஆனால் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு சிவப்பாக என்பதில் குளிருக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு ஏரிக்கும் நடுவில் முதுகுத்தண்டு மாதிரி ஓடும் மேட்டில் ஃபிங்கர் லேக்ஸ் தேசிய வனம் இருக்கிறது, இந்த மாநிலத்தில் இருக்கும் ஒரே தேசிய வனம் அதுதான். அது தண்ணீர் மட்டத்தைவிட ஆயிரம் அடிக்கு மேல் உயரம். அங்கே மேப்பிள் சிவந்து கொட்டும் நேரத்தில் கீழே கரையோரத்து ஓக் பச்சையாக நின்றுகொண்டிருக்கும்.

போன வருடம் நியூ ஜெர்சி எடிசன் ஊரிலிருந்து நாத்தனார் குடும்பம் இதே விடுமுறை வாரக்கடைசியில் வந்தது. ஒரு பூங்காவில் கார் நிறுத்த முக்கால் மணி நேரம் காத்திருந்து, கரையோரமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு, "என்ன அண்ணி, பாதி பச்சையாவே இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு வாரம் கழித்து அதே சரிவைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பதிலுக்கு ஒரு அழுகிற முகம் வந்தது, அவ்வளவுதான்.

என் அம்மா ஆறு மாத விசாவில் வந்திருந்தபோது இதை நாலே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். அம்மாவுக்கு இது 'கலர்' கிடையாது, இலை பழுக்கிறது. "மேல புரட்டாசியிலயே பழுத்துருது, கீழ ஐப்பசி பொறந்தாத்தான் பழுக்கும் போல" என்றாள். ஐப்பசி பிறப்பது அக்டோபர் 18 வாக்கில். ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் அந்தக் கணக்கை நம்பி நான் ஏமாந்ததில்லை. ஆகவே ஒரே ஒரு தரம்தான் வர முடியும் என்றால் அக்டோபர் 18லிருந்து 28க்குள், வார நாளில் வாருங்கள். முடிவு செய்வதற்கு முன் மாநிலச் சுற்றுலாத் துறை வாராவாரம் வெளியிடும் 'ஐ லவ் நியூயார்க்' இலை நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தந்த ஊரில் இருக்கிற தன்னார்வலர்கள் கண்ணால் பார்த்துச் சொல்கிற தகவல் அது.

சிவப்பு ஏன் ஒரு வருடம் தூக்கலாகவும் ஒரு வருடம் மங்கலாகவும் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: மஞ்சள் இலைக்குள்ளே ஏற்கெனவே இருப்பது, பச்சை போனதும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியில்லை, இலையில் தேங்கும் சர்க்கரையை வைத்து மரம் கடைசி நேரத்தில் புதிதாகச் செய்வது. பகலில் நல்ல வெயில், ராத்திரி உறையாத அளவுக்குக் குளிர், இரண்டும் அமைந்தால் சிவப்பு பிரமாதமாக வரும், மழையும் மூட்டமுமாகப் போனால் சுமார்தான். நம்மூர்ப் பள்ளிக்கூட வாசலில் நிற்கிற பாதாம் மரத்து இலை விழுவதற்கு முன்னால் செக்கச்செவேல் என்று ஆகுமே, கிட்டத்தட்ட அதே சங்கதி, இங்கே காடு முழுக்க.

இப்போது வழிக்கு வருகிறேன், இந்தக் கடிதமே இதற்காகத்தான். கட்டுரையில் ஏரி ஏரியாகத் தாவச் சொல்லியிருந்தது. வேண்டாம். ஒரு நாளுக்கு ஒரு ஏரி போதும், அதையும் கோயிலைச் சுற்றுவது போல வலமாகச் சுற்றுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம், வலம் வந்தால் ஏரி எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். அழகான இடம் வந்தால் எதிர்வண்டிக்குக் குறுக்கே திரும்பாமல் அப்படியே ஒதுங்கி நிறுத்தலாம், முன்சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மறைப்பில்லாமல் தண்ணீர் தெரியும். எல்லாவற்றையும்விட முக்கியம் வெளிச்சம். செனக்கா ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வடமுனையில் இருக்கும் ஜெனீவாவில் (சுவிட்சர்லாந்து இல்லை, அதே பெயரில் இங்கே ஒரு ஊர்) கிளம்பி 96ஏ, அப்புறம் 414 என்று கிழக்குக் கரையோடு தெற்கே இறங்கினால், உங்களுக்கு இடப்பக்கம் எழுந்த சூரியன் எதிர்க்கரைச் சரிவின் முகத்தில் நேராக அடிக்கும், அத்தனை மரமும் தனித்தனியாகத் தெரியும். மதியம் தென்முனை வாட்கின்ஸ் க்ளென் ஊரில் சாப்பிட்டுவிட்டு 14ஆம் எண் சாலையில் மேற்குக் கரையோடு வடக்கே திரும்பினால், மேற்கே சாய்ந்த வெயில் இப்போது கிழக்குக் கரையில் விழும், ஏரியைப் பார்க்கும்போது சூரியன் உங்கள் முதுகுப் பக்கமாக இருப்பதால் கண்ணும் கூசாது. இதையே எதிர்த்திசையில் சுற்றிப் பாருங்கள், காலையிலும் சாயங்காலமும் எதிர்க்கரை வெறும் கறுப்புக் கோடு. மொத்தச் சுற்று சுமார் 80 மைல்தான், வேகமாகப் போனால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், நான் எப்படியும் ஏழு மணி நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

414இல் ஹெக்டர் தாண்டிச் சாலை சரிவின் நடுவில் ஓடும் இடம் இருக்கிறதே, அங்கே கட்டாயம் நிறுத்துங்கள். சாலைக்குக் கீழே திராட்சை வரிசைகள் வெளிறிய மஞ்சளில், அதற்கும் கீழே ஓக் மரங்கள் துருப்பிடித்த இரும்பு நிறத்தில், அப்புறம் தண்ணீர், காற்றில்லாத காலையில் கருநீலமாக, எதிர்க்கரையின் சிவப்பு அதில் தலைகீழாக. இதை எந்த வாட்ஸ்அப் படத்திலும் நான் சரியாகப் பார்த்ததில்லை, நான் எடுத்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வாட்கின்ஸ் க்ளென் பள்ளத்தாக்கு நடைபாதையில் 19 அருவிகள், 800க்கும் மேல் படிகள். பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் உள்ளே கண்ணில் படுவது பாறையும் தண்ணீரும், இலை உங்கள் காலடியில் ஈரமாக ஒட்டிக்கொண்டு வழுக்கும். முட்டி வலி உள்ள பெரியவர்களைக் கூட்டிவந்தால் அதை விட்டுவிட்டு, இன்னொரு நாள் கயூகா ஏரி மேற்குக் கரையில் 89ஆம் எண் சாலையை ஒட்டிய டகானாக் அருவிக்குப் போங்கள். 215 அடி, ஒரே வீழ்ச்சி, நயாகராவைவிட உயரம். மேலே காட்சி முனைக்குப் பக்கத்திலேயே கார் போகும். அம்மா அங்கே இறங்கிப் பத்தடி நடந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றாள், ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "குத்தாலத்துல குளிக்கலாம், இது பாக்க மட்டுந்தான்" என்றாள். லெட்ச்வொர்த்தும் அழகுதான், ஆனால் அது ஜெனசீ ஆற்றுப் பள்ளத்தாக்கு, அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

கூட்டமே வேண்டாம் என்பவர்கள் மேற்கே ஹெம்லாக், கனடிஸ் ஏரிகளுக்குப் போகலாம். இரண்டும் ராச்செஸ்டர் நகரத்துக்குக் குடிநீர் தருகிற ஏரிகள், அதனால் கரையில் வீடு கட்ட விடவில்லை. மற்ற ஏரிகளில் சாலைக்கும் தண்ணீருக்கும் நடுவே வரிசையாக வீடுகள் மறைக்கும், இங்கே தண்ணீர் வரைக்கும் மரம்தான்.

ஒரு வருத்தமான விஷயமும் சொல்லிவிடுகிறேன். சாலையோரம் பட்டை உரிந்து சாம்பல் நிறத்தில் மொட்டையாக நிற்கும் மரங்களைப் பார்த்து, இலை கொட்டிவிட்டது என்று நினைக்காதீர்கள். அவை ஆஷ் மரங்கள், செத்துப்போனவை. ஆசியாவிலிருந்து வந்த எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டுதான் காரணம், அதை இந்த மாநிலத்தில் முதலில் கண்டது 2009இல். நான் வந்த புதிதில் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஆஷ் மரம் மஞ்சளும் கத்தரிப்பூ நிறமும் கலந்து பழுக்கும், இப்போது அதன் அடிக்கட்டையில் உட்கார்ந்துதான் காப்பி குடிக்கிறேன்.

அடுத்தது, கட்டுரையில் ஒரு வரிகூட வராத விஷயம், நடந்துகொள்கிற முறை. செனக்காவுக்கு மேற்கே பென் யான் ஊரைச் சுற்றி மெனோனைட் என்ற, பழைய முறையில் எளிமையாக வாழும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த விவசாயக் குடும்பங்கள் நிறைய. அவர்களில் பலர் குதிரை வண்டியில்தான் போவார்கள், பின்னால் ஆரஞ்சு நிற முக்கோணம் இருக்கும். போன அக்டோபரில் ஒரு மேட்டில் அப்படி ஒரு வண்டிக்குப் பின்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன், குதிரையின் மூச்சு ஆவியாகப் போவது தெரிகிற தூரம். எனக்குப் பின்னால் வந்த வேன் விடாமல் ஹாரன் அடித்தது. குதிரை மிரண்டு பக்கவாட்டில் ஒதுங்க, வண்டியில் இருந்த சின்னப் பெண் பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மேடு ஏறியதும் வேன் எங்களைத் தாண்டிப் பறந்தது, ஜன்னல் வழியாகத் தமிழ்ப் பாட்டு. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பங்களை முகத்துக்கு நேரே படம் எடுப்பதையும் தவிருங்கள், பலருக்கு அது பிடிக்காது. அவர்கள் வாசலில் ஒரு மேசை போட்டு பூசணியும் கான்கார்ட் திராட்சையும் வைத்திருப்பார்கள், பக்கத்தில் ஒரு டப்பா இருக்கும், ஆள் இருக்க மாட்டார்கள். காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தத் திராட்சையின் வாசனை வீடு போய்ச் சேருகிற வரைக்கும் காரில் இருக்கும்.

திராட்சைத் தோட்டத்து வரிசைக்குள் போட்டோ எடுக்க நுழையாதீர்கள், அக்டோபர் அவர்களுக்கு அறுவடைக் காலம். சாலை நடுவில் நின்று குடும்பப் படம் எடுப்பதையும் விட்டுவிடுங்கள், மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற வண்டிக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். மழையில் நனைந்த இலை மேல் பிரேக் போட்டால் டயர் வழுக்கும். வைப்பர் போட்டால் ஹெட்லைட்டும் போட வேண்டும் என்பது இந்த மாநிலத்துச் சட்டம். இருட்டுகிற நேரத்தில் மான் குறுக்கே ஓடும், ஐப்பசி கார்த்திகைதான் அவற்றுக்கு ஜோடி தேடுகிற காலம், ஒன்று ஓடினால் பின்னாலேயே இன்னொன்று வரும் என்று வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

கட்டுரையாளர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, தமிழில் இதை எழுதியதே பெரிய விஷயம். ஆனால் உங்கள் பேப்பரைக் கத்தரித்து வைத்துக்கொண்டு டிக்கெட் போடுகிற பெற்றோர் இருக்கிறார்கள், என் அம்மாவும் அதில் ஒருத்தி. அதனால் தேதியை மட்டுமாவது திருத்தி ஒரு சின்னக் குறிப்பு போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
நியூயார்க் மாநிலம்.

பி.கு.: கட்டுரையோடு வந்த படத்தில் ஏரிக்குப் பின்னால் பனி மூடிய மலைச் சிகரம் தெரிகிறது. எங்கள் ஊரில் அப்படி எதுவும் கிடையாது. யாராவது அதைத் தேடிக்கொண்டு வந்து என் வீட்டுக் கதவைத் தட்டுவதற்குள் சொல்லிவிடலாம் என்று.